டிக்கட் வெட்டிய பின்னர்

நோயாளி ஒருவரை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதை மலையகத்தில் 'டிக்கட் வெட்டுதல்' என்பார்கள். கட்டிலோடு இருக்கும் நோயாளியின் பதிவுத்தாளுக்கு 'டிக்கட்' என்று பெயர். அதில் வைத்தியர் கடைசியாக எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால் ஆள் வீட்டுக்குப் போகலாம். வடக்கில் இதனையே 'துண்டு வெட்டுதல்' என்பர்.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் வைத்தியசாலைகளைப் பற்றி நான் எழுதிய செய்திகளை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். கட்டில் போதாமை, வைத்தியர் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு, புதிய கட்டடத் திறப்பு விழா என்பனவே அவற்றின் பொருள். டிக்கட் வெட்டிய பின்னர் அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று ஒரு செய்தியேனும் எழுதியதாக நினைவில்லை. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தவர் என் தாயாரின் மூத்த சகோதரி.

பெரியம்மா நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். முதுமையில் இருதயம் பலவீனப்பட்டு, கால்கள் வீங்கி, மூச்சுவாங்கத் தொடங்கியபோது அரசாங்க வைத்தியசாலையொன்றில் சேர்த்தோம். வைத்தியர்கள் நன்றாகவே கவனித்தார்கள். வீக்கம் வடிந்தது. எட்டாம் நாள் டிக்கட் வெட்டினார்கள். நோய்விபர அட்டையும் மாத்திரைகளும் கொடுத்து, கிளினிக்குக்கு வரவேண்டிய திகதியையும் குறித்தனுப்பினார்கள். அட்டை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பெரியம்மா அதனை ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்களோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பத்து நாட்களின் பின் நான் லயத்துக்குப் போனபோது கால்கள் மறுபடியும் வீங்கியிருந்தன. உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையை அவர் நிறுத்திவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ராவுல எத்தன தடவதான் தம்பி எந்திரிச்சி வெளிய போறது? குளிரு, மழ, அட்ட. கொல்லைக்குப் போறதுக்குள்ள வழுக்கி விழுந்தா யாரு தூக்குவா?" என்றார். மலசலகூடம் லயத்தின் கோடியில், படிகளுக்குக் கீழே இருந்தது. அந்த மாத்திரையைக் காலையில் விழுங்கினால் இரவில் அவ்வளவு தொல்லை இராது. அதனை யாரும் அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கவில்லை. அவரோ இரவுச் சாப்பாட்டின் பின் விழுங்கிவந்தார்.

கிளினிக் திகதி வருவதற்கு முன்பே, தம் காம்பராவில், ஒரு விடியற்காலையில் அவர் காலமானார். வைத்தியசாலைக் கணக்கில் அவர் உயிருடன் வெளியேறியவர். அந்தக் கணக்கு பொய்யானதன்று. ஆனால் அது ஒரு வாக்கியத்தின் பாதி மட்டுமே. மறுபாதியை எழுதும் வழக்கம் எங்கே உண்டு, நம்மிடம் ஏன் அது நிலைக்கவில்லை என்று பிற்பாடு தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கண்டிச்சீமையில் கோப்பிக் காலத்திலேயே நோயாளித் தொழிலாளர் பற்றிய சர்ச்சை தொடங்கிவிட்டது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்துவந்தோர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பெருந்தொகையாக மடிந்தனர். பிழைத்துத் தோட்டம் சேர்ந்தவர்கள் நோயுற்றால் கவனிக்க வேண்டியவர் துரையா, அரசாங்கமா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. 1872ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பிரதேசங்களை மருத்துவ மாவட்டங்களாக வகுத்து, செலவில் ஒரு பங்கைத் தோட்டங்களிடம் வசூலிக்கும் ஏற்பாடு அது. அக்காலத்து வைத்திய அதிகாரிகள் அடிக்கடி முன்வைத்த முறைப்பாடு ஒன்றுண்டு: தோட்டங்கள் நோயாளியைச் சாகும் தறுவாயிலேயே அனுப்புகின்றன, அதனால் வைத்தியசாலையின் மரண வீதம் உயர்ந்து தெரிகிறது. துரைமார் தரப்போ, வைத்தியசாலைக்குப் போனவன் திரும்பி வருவதில்லை, ஆகவே ஆட்கள் அங்கே போக அஞ்சுகிறார்கள் என்று சொன்னது. இரு தரப்பும் மரணம் யாருடைய கணக்கில் விழுகிறது என்றே வழக்காடின. உயிரோடு திரும்பியவனின் கதை இரு தரப்பின் ஏட்டிலும் இல்லை.

இதே காலத்தில் தொழிலாளி பற்றிய வேறொரு ஏடு மிகவும் துல்லியமாகப் பேணப்பட்டது. அதுதான் கடன் கணக்கு. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டம் செல்ல வேண்டுமாயின், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். கங்காணி மாறினாலும் தோட்டம் மாறினாலும் அந்தத் துண்டு தொழிலாளியைத் தவறாமல் பின்தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டிலேயே துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மனிதனை வாசற்படி வரை பின்தொடர்ந்து கணக்கெழுதும் ஆற்றல் அன்றைய நிருவாகத்துக்கு இல்லாமற் போகவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது. எதற்காகப் பின்தொடர்வது என்பதே கேள்வி.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில் கவனிக்கத்தக்க விதி ஒன்று இருந்தது. தோட்டத்தில் பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாத காலம் போதிய உணவும் உறைவிடமும் கிடைப்பதைத் தோட்டத்துரை உறுதிசெய்ய வேண்டும்; வைத்தியர் தகுதிச் சான்று தந்தாலன்றி அந்த மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கக்கூடாது. மருத்துவ நிகழ்வு முடிந்த பிறகும் கவனிப்புக்கு ஒரு காலக்கெடு உண்டு என்பதை அவ்விதி ஏற்றுக்கொண்டது. அது எத்தனை தோட்டங்களில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பது வேறு விடயம். ஆனால் பிள்ளைப்பேற்றுக்கு வகுக்கப்பட்ட அந்த ஒரு மாத எண்ணம் காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் நீளவில்லை.

நான்கு ஆண்டுகளின் பின், 1916இல், ரொக்பெல்லர் மன்றத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஆரம்பமாயிற்று. மலையகச் சுகாதார வரலாற்றில் இதனை ஒரு திருப்புமுனையாகவே கருதுகிறேன். இரத்தத்தை உறிஞ்சி, சோகையை உண்டாக்கி, உழைப்பாளியை நடைப்பிணமாக்கும் புழு அது. மருந்து கொடுத்தால் புழு விழும்; ஆள் தேறுவான். மருந்து கொடுத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அது மகத்தான வெற்றி. ஆனால் அந்த இயக்கத்தினர், மருந்துண்டவர்களின் மலத்தைப் பிற்பாடு மீண்டும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பரிசோதித்தார்கள். புழு திரும்பிவந்திருந்தது. லயங்களில் மலசலகூடம் இல்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே வெறுங்காலோடு நடக்கும் மக்களின் பாதத் தோல் வழியாகவே தொற்று மறுபடியும் ஏறியது.

மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போல என்று அந்த மறுபரிசோதனை காட்டிக்கொடுத்தது. மலசலகூடம் கட்டாமல் சிகிச்சைக்குப் பயனில்லை என்று இயக்கத்தினர் வற்புறுத்த, செலவுக்கு அஞ்சிய தோட்ட உரிமையாளர்கள் இழுத்தடித்தனர். அந்த அனுபவம் இலங்கையின் பொதுச் சுகாதாரத்தையே வேறு வழியில் திருப்பிற்று. நோயாளியைத் தேடி வீட்டுக்குப் போகும் சுகாதார அலகு முறை 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் தொடங்கப்பட்டது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு வித்து அதுவே. பெரியம்மாவின் மாத்திரையைத் தோற்கடித்ததும் லயக்கோடியின் மலசலகூடம்தான் என்பதை நினைக்கும்போது, 1916ஆம் ஆண்டு அவ்வளவு தூரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடலுக்கு அப்பாலும் இக்கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தனர். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860இல் இலண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டுக்கென வைத்தியசாலைகளுக்குப் பொதுவான படிவமொன்றை முன்மொழிந்தார். வெளியேறியோரை ஒரே தொகையாகக் காட்டாமல், தேறியோர் தனியாகவும், குணமாகாமலோ சொந்த விருப்பத்தின் பேரிலோ வெளியேறியோர் தனியாகவும் பதியவேண்டும் என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டின் பின் பொஸ்டன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கோட்மன் அதனினும் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி, வெளியேறி ஓராண்டான பின் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்து அதில் குறிக்கவேண்டும். குணமாகாவிட்டால் ஏன் என்றும் எழுதவேண்டும். இதனை அவர் 'இறுதி விளைவு' என்றழைத்தார்.

தமது சிறிய வைத்தியசாலையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்று வெளியேறிய 337 பேரின் விபரத்தை அவர் அச்சிட்டு வெளியிட்டார். அதில் 123 தவறுகளைத் தாமே ஒப்புக்கொண்டு பட்டியலிட்டிருந்தார். சக வைத்தியர்கள் இதனை இரசிக்கவில்லை. 1915ஆம் ஆண்டில் ஒரு கூட்டத்தில் அவர்களைக் கிண்டல் செய்யும் பெரிய சித்திரமொன்றைக் காட்டி வம்பில் மாட்டிக்கொண்டார். 1940இல் இறந்தபோது அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 2014ஆம் ஆண்டில்தான் அது நாட்டப்பட்டது. தம் தவறுகளைத் தாமே எண்ணியவருக்கு உலகம் கொடுத்த மரியாதை இவ்வளவுதான்.

இன்று மேல்நாடுகளில் வெளியேறிய பின்னான கவனிப்பை அளக்கப் பல வழிகள் உள்ளன. அமெரிக்காவில், வெளியேறிய 30 நாட்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்படுவோரின் தொகை எதிர்பார்த்ததை விஞ்சினால், முதியோர் காப்புறுதித் திட்டம் அந்த வைத்தியசாலைக்கு வழங்கும் பணத்தைக் குறைக்கும் ஏற்பாடு 2012 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இன்னொரு வழி நோயாளியிடமே கேட்பது. வீட்டில் நான் கவனித்துக்கொள்ள வேண்டியவை எனக்கு விளங்கினவா, ஒவ்வொரு மருந்தும் எதற்கென்று தெரிந்ததா, என் வசதியும் விருப்பமும் கேட்கப்பட்டனவா என்ற மூன்று கேள்விகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கினர். பெரியம்மாவிடம் அந்த மூன்றையும் யாரேனும் கேட்டிருந்தால், மூன்றுக்கும் 'இல்லை' என்பதே பதிலாக இருந்திருக்கும்.

ஆனால் 30 நாள் கணக்கை அப்படியே பெயர்த்துவந்து மலையகத்தில் நட முடியாது. அமெரிக்காவிலேயே அது விவாதத்துக்குரியது. அபராதத்துக்கு அஞ்சி, திரும்பி வரவேண்டிய நோயாளியை உள்ளே எடுக்கத் தயங்குகிறார்களோ என்ற ஐயம் அங்கு எழுந்தது. இங்கே நிலைமை இன்னும் வேறு. பெரியம்மா 30 நாட்களுக்குள் வைத்தியசாலைக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த அளவுகோலின்படி அவருடைய வெளியேற்றம் வெற்றிகரமானது! திரும்பி வருவதற்குப் பஸ் காசு வேண்டும். கூட வருபவர் அன்றைய 'பேரை' இழக்கவேண்டும். மேல் டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு நோயாளியைச் சுமந்தோ முச்சக்கர வண்டி பிடித்தோ இறங்கவேண்டும். இத்தனையும் கூடினால்தான் ஒருவர் 'மீள் அனுமதி' என்ற புள்ளிவிபரத்துக்குள் வரவே முடியும். வசதியுள்ள ஊரில் திரும்பி வருதல் தோல்வியின் அறிகுறி. லயத்தில் திரும்பி வராமலிருப்பதே பல வேளைகளில் தோல்வியின் அறிகுறி.

நமது சுகாதார அமைச்சின் நோய், மரண அறிக்கைகளும் இதற்கு உதவமாட்டா. வைத்தியசாலைகளில் தங்கி வெளியேறியோரையும் இறந்தோரையும் நோய்வாரியாக எண்ணும் அந்த அறிக்கை முறை பயனுள்ளதே. ஆனால் அது எண்ணுவது வெளியேற்றங்களை, ஆட்களை அன்று. ஒரே மனிதர் ஆண்டில் மூன்று தடவை உள்ளே போய் வெளியே வந்தால் அது மூன்று. ஒரு தடவை வெளியே வந்து வீட்டில் இறந்தால், வைத்தியசாலைக் கணக்கில் ஒரு வெற்றி. பதிவாளரின் ஏட்டில் ஒரு மரணம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் இல்லை.

மலையகத்தில் இந்த இடைவெளி மேலும் அகன்றதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. நாட்டின் இலவச சுகாதார சேவை கிராமம் கிராமமாகப் படர்ந்தபோது, தோட்டம் தனித்தீவாக நின்றது. அங்கே தோட்ட வைத்திய உதவியாளரும் தோட்டத்து மருத்துவமாதுமே கதி. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் திட்டம் 1990களில் தொடங்கி அரைகுறையாகவே நடந்தது. விளைவாக, நோயாளியைச் சுகப்படுத்துவது அரசாங்க வைத்தியசாலை. அவர் திரும்பிப் போகும் வீடோ கம்பனியின் தோட்டத்தில். டிக்கட் வெட்டப்படும் கணத்தில் அவர் ஒரு நிருவாகத்தின் எல்லையைக் கடந்து மற்றொன்றுக்குள் நுழைகிறார். அந்த எல்லையில் யாருடைய பேனாவும் இல்லை.

உள்ளே போகும் வழி ஓரளவு சீர்பட்டிருப்பதை மறுக்கமாட்டேன். 2017 மே 12ஆம் திகதி, இந்திய உதவியில் அமைந்த 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக் கட்டடத்தை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். 2016இல் தொடங்கிய 1990 அம்பியூலன்ஸ் சேவை பிற்பாடு எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. வெளியே வரும் வழிதான் 1872இல் இருந்தது போலவே இருக்கிறது.

ஆயினும் நம்மிடம் முன்மாதிரி இல்லாமலில்லை. குழந்தை பெற்ற தாய் வீடு திரும்பியதும் குடும்பநல உத்தியோகத்தர் அவளைத் தேடி வீட்டுக்கு வரவேண்டும்; முதல் 10 நாட்களுக்குள் இரு தடவைகள், பின்னர் 42ஆம் நாளை ஒட்டி மறுபடியும். வந்தாரா இல்லையா என்பது பதியப்படுகிறது. எத்தனை வீதமான தாய்மார் பார்க்கப்பட்டனர் என்று குடும்ப சுகாதாரப் பணியகம் கணக்கிடுகிறது. ஒரு தாய் இறந்தால், அது வைத்தியசாலையிலாயினும் வீட்டிலாயினும், ஏன் என்று விசாரணை நடக்கிறது. தாய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கை பெற்ற நற்பெயருக்கு அந்த வீட்டுவாசல் கணக்கும் ஒரு காரணம்.

காசநோயும் அப்படியே. மருந்து தொடங்கிய ஒவ்வொருவரும் இறுதியில் ஏதேனுமொரு கட்டத்துள் பதியப்பட்டாக வேண்டும்: குணமடைந்தார், சிகிச்சை முடித்தார், பயனளிக்கவில்லை, இறந்தார், தொடர்பு விட்டுப்போயிற்று. எவரையும் கணக்கில் இல்லாமல் விடமுடியாது. கடைசிக் கட்டத்துக்கு முன்னர் 'தவறியவர்' என்ற பொருளில் ஒரு சொல் வழங்கியது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதனை மாற்றியது. பழைய சொல் நோயாளியைக் குற்றவாளியாக்கியது. தொடர்பு விட்டுப்போயிற்று என்றால், தொடர்பைப் பேணவேண்டியவர் யார் என்ற கேள்வி தானாகவே எழும்.

இருதய நோயாளிக்கும், நீரிழிவால் பாதத்தில் புண்வைத்தவருக்கும், பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்தவருக்கும் இதே கணக்கை ஏன் விரிக்கக்கூடாது? பெரிய யந்திரங்கள் எதுவும் வேண்டியதில்லை. டிக்கட் வெட்டும்போது தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொடுக்கலாம். அதன் பிரதியொன்று தோட்டத்தின் சுகாதார உத்தியோகத்தருக்குப் போய்ச் சேரலாம். ஏழாம் நாள் ஒருவர் காம்பராவுக்குச் சென்று மாத்திரை உண்கிறாரா, எப்போது உண்கிறார், ஏன் விட்டார் என்று பார்த்து எழுதலாம். முப்பதாம் நாள் மறுபடியும் சென்று, உயிரோடு இருக்கிறாரா, எழுந்து நடக்கிறாரா, கிளினிக்குக்குப் போனாரா என்று குறிக்கலாம். கண்டுபிடிக்க முடியாதவர்களையும் ஒரு தொகையாக எழுதவேண்டும். என் எண்ணத்தில் அந்தக் கடைசித் தொகையே மற்ற எல்லாவற்றையும் விட உண்மையான அளவுகோல்.

இதைச் சொன்னால், ஏற்கெனவே வேலைப்பளுவால் நசுங்கும் உத்தியோகத்தர்மீது இன்னொரு படிவத்தையா சுமத்துவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எழுதியதைப் படித்துத் திருத்துவதற்கு ஆளில்லாவிட்டால் படிவம் வெறும் காகிதமே. கொக்கிப்புழு காலத்தில் மறுபரிசோதனையின் முடிவு மலசலகூடத்தைக் கேட்டது. எண்ணத் தொடங்கினால் இன்றும் அது வீதியைக் கேட்கும், தண்ணீரைக் கேட்கும், தமிழ் தெரிந்த ஊழியரைக் கேட்கும், கிளினிக் நாளுக்குச் சம்பளத்தைக் கேட்கும். எண்ணாமல் இருப்பதில் உள்ள வசதியும் அதுதான்.

பெரியம்மாவின் நோய்விபர அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த கிளினிக் திகதிக்கு எதிரே உள்ள கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. அவர் ஏன் வரவில்லை என்று அந்த வைத்தியசாலையிலிருந்து யாரும் கேட்டதில்லை.